பெயர் சொல்ல விரும்பாத பெரிய மனிதர்

ஆகஸ்ட் 15, வியாழன்

அவமானத்தை முதலில் எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, தேசியக் கொடிக்கு நேர் கீழே நின்றுகொண்டு, முந்நூறு பேர் கேட்க மைக்கில் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய் என்றால் மன்னித்துவிடலாம். இது அறுபது டிராயிங் போர்டு, கலர், பிரஷ், கட்டுக்கட்டாக வரைதாள் என்று ஒரு பீரோ கொள்ளும் பொய்.

நான் இந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர். சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். செயலாளர் துபாயில் இருக்கிறார், பொருளாளர் என்னோடு பேசுவதில்லை. பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் யாருக்கு என்ன வயது, என்ன வியாதி, யார் மனைவிக்குத் தெரியாமல் யார் பெயரில் பாலிசி போட்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. தொழில் தர்மப்படி வெளியே சொல்லக் கூடாது. நான் ஒரு சமயத்தில் ஒருவரிடம் மட்டும்தான் சொல்வேன்.

கொடியேற்றி முடிந்ததும் ஹெச்.எம். எஸ்தர் ராஜாத்தி பேசினார். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதிலும் சேர்த்து அறுபது பிள்ளைகள் ஓவியம் படிக்கிறார்கள். படிக்கிறார்கள் என்று சொல்வதே அதிகம், தாளும் இல்லை, கலரும் இல்லை. கிழித்த தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் வரைகிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சாமான் வராவிட்டால் செப்டம்பரிலிருந்து டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன், ஓவிய அறையில் இலவச சைக்கிள்களை நிறுத்துவேன் என்றார். கடைசி வரிசையில் ஓவிய டீச்சர் பேச்சித்தாய் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாரத்தில் மூன்று அரைநாள் வருகிற பகுதிநேர டீச்சர். பீரியட் போனால் அவரும் வேறு பள்ளி பார்த்துப் போக வேண்டியதுதான்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்குப் பந்தியில் பாயசத்தைக் கண்ட மாதிரி. சுதந்திரத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசத்தான் எழுந்தேன். அறுபது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். "கவலைப்படாதீர்கள், ஒரு பெரிய மனிதர் எல்லாச் சாமானும் தருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்" என்று என் வாய் சொன்னது. கைதட்டல். ஹெச்.எம். எனக்கு இரண்டு லட்டு கொடுத்தார். இரண்டையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. "யாரு அந்தப் பெரிய மனுசன்?" என்று உலகம்மை கேட்டாள். ரகசியம் என்றேன்.

"ரகசியமா? உங்ககிட்டயா?" என்று சொல்லிவிட்டு என் மனைவி மாவாட்டப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஹெச்.எம். போன் செய்தார். சாமான் எப்போது வரும்? வந்துகொண்டே இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பொய்யை உண்மையாக்கக் கிளம்பினேன். மூன்று பெரிய மனிதர்களைப் பார்த்தேன், மூன்று இடத்திலும் காபி மட்டும் கிடைத்தது.

எங்கள் ஊரில் கொடை வள்ளல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கொடுத்த பொருளில் பெயர் எழுதியாக வேண்டும். அம்மன் கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று தொடங்கிப் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர், செல் நம்பர் எல்லாம் சிவப்பு பெயின்டில் இருக்கும், எழுத்துகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் வெயில் காலத்தில் வேட்டியில் நன்கொடையாளர் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

டைல்ஸ் கடை தளவாய் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊரில் பாதிப் பொருளில் அவர் பெயர்தான். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஃபேன் கேளும், பீரோ கேளும், தாரேன். தாள்ல எங்க வே பேரு எழுத? எழுதினாலும் பிள்ளைக அதுமேல படம் வரைஞ்சிருமே" என்றார்.

மற்ற இரண்டு பேரும் வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கலர் கரைந்து போகும், தாள் தீர்ந்து போகும், பிரஷ்ஷோ விரல் தடிமன்தான். பெயர் எழுத இடமில்லாத பொருளை இந்த ஊரில் யாரும் வாங்கித் தர மாட்டார்கள்.

வரும் வழியில் உலகம்மை சொன்ன கறிவேப்பிலையை மறந்துவிட்டேன். திரும்பப் போய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

சாமான் வந்துவிட்டது!

பதினொரு மணிக்கு ஹெச்.எம். போன். "சார், உங்க பெரிய மனிதர் அனுப்பிட்டார், வாங்க." நான் வாடிக்கையாளர் வீட்டில் அவருடைய சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். பள்ளி வராந்தாவில் மதுரைக் கடைப் பெயர் போட்ட மூன்று பெட்டிகள். லோடு ஆட்டோக்காரன் இறக்கிவிட்டு, கொடுத்தவர்கள் பெயர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னானாம்.

நான் உண்டாக்கிய ஆள், சதையும் ரத்தமுமாக எங்கேயோ நடமாடுகிறார். கற்பனையில் பிறந்தவர் ஆட்டோ பிடித்து சாமான் அனுப்பினால் பயமாக இருக்காதா? இதில் பெரிய கஷ்டம், யார் என்று நான் யாரிடமும் கேட்க முடியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றல்லவா ஊரே நம்புகிறது!

ஆசிரியர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். பேச்சித்தாய் டீச்சர் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. ஒட்டுநாடாவைப் பிரிப்பதற்கு முன்பே, "போர்டு ரெண்டு பெட்டியில இருக்கும், கலர் இந்தச் சின்னதுல, பாத்துத் தூக்குங்க, பாட்டிலு" என்றார். பிரித்தால் அப்படியே இருந்தது. இதைக் குறித்துக்கொண்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பெரிய மனுசருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார். சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சந்தேகப்பட்டேன்.

இந்த ஊரில் பெயர் போடாமல் ஒருவர் கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. திருட்டுச் சாமானாக இருக்கலாம். அடுத்த வருடம் தேர்தலில் நிற்கிறவர் யாராவது இப்போதே விதைத்துவிட்டு, ஓட்டுக் கேட்கும்போது பெயரைச் சொல்லலாம் என்று இருக்கலாம். துபாய் செயலாளராக இருக்குமோ என்று பார்த்தால், அந்த ஆள் போன வருடம் கொடுத்த சங்கச் சந்தாவுக்கு இன்னும் ரசீது கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு கட்டத்தில் உலகம்மை மீதே சந்தேகம் வந்தது. அவள் குளிக்கப் போனபோது வளையல் நாலும் இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து பார்த்தேன். நாலும் இருந்தன. பின்னாலிருந்து, "எண்ணி முடிச்சிட்டீயன்னா மூடி வைங்க" என்று குரல் வந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பாராட்டு வாங்கும் சாக்கில் ஓவிய வகுப்புக்குப் போய் உளவு பார்த்தேன். வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டும் ஒன்பதும் சேர்ந்த வகுப்பு, அறுபது பிள்ளைகள், ஆளுக்கொரு போர்டு, சத்தமே இல்லை. கணக்கு வகுப்பில் இருக்கிற அமைதி வேறு, அது பயம். இங்கே ஒரு பெண் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மாட்டுக் கொம்புக்கு ஊதாக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். 'நம் ஊர் மனிதர்' என்பது தலைப்பு. ஐந்து பேர் ஒரே ஆளை வரைந்திருந்தார்கள். தொப்பை, கக்கத்தில் பை, திறந்த வாய். யார் என்று கேட்டேன். ஐந்து பேரும் குனிந்துகொண்டார்கள்.

சந்தேகத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிந்ததும் பேச்சித்தாய் டீச்சர் பஸ் ஸ்டாப்பில் நின்றார். இரண்டு வருடமாக நீல ஸ்கூட்டியில் வந்து போனவர். வண்டி எங்கே என்று கேட்டேன்.

"அது இப்ப வேற ஆளுகிட்ட ஓடுது அண்ணாச்சி."

வேற ஆள்! கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறைதான் வருகிறார். யார் அந்த வேற ஆள்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, டீக்கடையில் ஒருவரிடம் தவிர.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடத்தான் போனேன். அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புது அண்டாவில் சிவப்பு எனாமலில் 'உபயம்' எழுதிக்கொண்டிருப்பது யார்? பேச்சித்தாய் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலைதானாம். ஊரில் இருக்கிற அத்தனை வள்ளல்களின் பெயரும் அந்த ஒரு கையால் எழுதப்பட்டதென்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஆக, டீச்சர் சம்பளம் ஒன்று, பெயர் எழுதும் கூலி இன்னொன்று. இருந்தும் பஸ்ஸில் போகிறார், மத்தியானம் டிபன் பாக்ஸில் வெறும் மோர்ச் சோறு. காசெல்லாம் எங்கே போகிறது? பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொன்ன ஆள். கடைக்காரனோடு ஏதோ ஏற்பாடு இருக்கிறது. இல்லையென்றால் பாதிச் சாமான் ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இருபது வருடம் இன்சூரன்ஸில் இருந்தவன் நான். செத்தவன் உயிரோடு இருப்பதையே கண்டுபிடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டீக்கடையில் ஊர் முடிவு கட்டிவிட்டது, கொடுத்தது தளவாய்தான் என்று. அவரைத் தவிர யாருக்கு மனசு இருக்கிறது, இந்தத் தடவை பெயர் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, மனுசன் எவ்வளவு மாறிவிட்டார் என்று பேச்சு. தளவாய் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

சாயங்காலம் கடைக்கு வரச் சொன்னார். போனேன்.

"நீரு சொன்ன பெரிய மனுசன் யாரு வே?"

நான் முழித்த முழியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வியாபாரி அல்லவா.

"ஆளே கிடையாது, அப்படித்தான? சரி. எவனோ அனுப்பிருக்கான், அவனுக்குப் பேரு வேண்டாம். எனக்கு வேணும். ஊரு என்னயச் சொல்லுது. நீரும் என்னயச் சொல்லும். செப்டம்பர் அஞ்சு ஆசிரியர் தினத்துல விழா வச்சிருவோம். போர்டுக்குப் பின்னால பேரு, ஓவிய ரூமு சுவத்துல பெருசா ஒரு பேரு. உமக்கும் மானம் தப்பும்."

அநியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையான ஆள் நாளைக்கு வந்து நின்றால் முதலில் கிழியப் போவது என் முகம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

தளவாய்தான் கொடுத்தார் என்று ஹெச்.எம்.மிடம் சொன்னேன். அவருக்கு நிம்மதி. ஆனால் அவர் கவலை வேறு. இந்தத் தாள் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் தாங்கும். அடுத்த வருடம்? மறுபடியும் இதே பாட்டுத்தானே, அதற்குக் கணக்குக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறாராம்.

பேச்சோடு பேச்சாக, சாமான் இருக்கிற பீரோவின் சாவி பேச்சித்தாய் டீச்சரிடம் இருப்பது அவ்வளவு நல்லதில்லை என்றேன். ஏன் என்றார். நான் புருவத்தை மட்டும் தூக்கினேன். என் புருவத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. சாவியை வாங்கி என்னிடமே கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஆணியில் மாட்டினேன். உலகம்மை என்ன சாவி என்று கேட்டாள். சொன்னேன். வெங்காயம் நறுக்கினாள். சாதாரணமாக நறுக்குவதைவிடச் சத்தமாக.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலை ஏழரைக்கு வாசலில் பேச்சித்தாய் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு முதல் பீரியடே டிராயிங், சாவி வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடு ஒரு கிலோமீட்டர், இங்கிருந்து பள்ளி இன்னொரு கிலோமீட்டர். நடந்தே வந்திருக்கிறார். நான் குளியலறையில் இருந்தேன், வெளியே வரவில்லை. கதவிடுக்கில் கேட்டதை எழுதுகிறேன். உலகம்மை காபி கொடுத்தாள். பிள்ளைகள் படிப்பு, மாமியார் கால்வலி, திருப்பூரில் வேலை குறைவு என்று பேச்சு ஓடியது. நடுவே குரல் தணிந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

வெளியே வந்தபோது டீச்சரும் இல்லை, ஆணியில் சாவியும் இல்லை.

"சாவி எப்ப திரும்பி வரும்?" என்றேன்.

"வராது. வச்சிக்கிடச் சொல்லிட்டேன்." காபி தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பிள்ள ஸ்கூட்டிய யாருக்கு வித்துச்சு தெரியுமா? நம்ம பால்காரரு மகளுக்கு. ஊர்ல அத்தன வீட்டுக் கதையும் வச்சிருக்கீயள்லா, எதுக்கு வித்துச்சுன்னு நீங்களே உக்காந்து யோசிங்க."

உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஓவிய அறைக்குப் போனேன். வகுப்பு இல்லாத நேரம். பேச்சித்தாய் டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போர்டாகத் திருப்பி, பின்பக்கம் வெள்ளை எனாமலில் எழுதிக்கொண்டிருந்தார். 'உபயம்: முப்பிடாதி டைல்ஸ், ஆ. தளவாய்.' எழுதி முடித்தவை சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன. எழுத்து அச்சடித்த மாதிரி. ஒரு போர்டில் கூட கை கோணவில்லை. எப்படிக் கோணாமல் இருந்தது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நானும் தரையில் உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அது சுலபமில்லை. ஹெச்.எம்.மிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மைக்கில் சொன்ன பொய்யிலிருந்து புருவம் வரைக்கும், என்றேன். பிரஷ்ஷை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"வேண்டாம் அண்ணாச்சி. டீச்சர் குடுத்தான்னு தெரிஞ்சா, அடுத்த வருசமும் டீச்சரே குடுக்கட்டும்னு விட்டுருவாவ. எனக்கு விக்க இன்னொரு ஸ்கூட்டி கிடையாது. பெரிய மனுசன் குடுத்தான்னாத்தான் வகுப்பு நிலைக்கும்."

"அதுக்காக நீங்க வாங்கினதுல நீங்களே அவரு பேர எழுதணுமா?"

"வேற யாரு எழுதினாலும் எழுத்து நல்லாருக்காது" என்றார். இந்த முறை சிரித்தார், உறுதியாகச் சொல்கிறேன். பிறகு எழுந்து, சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். பெரிய எழுத்தில் தளவாய் பெயர். அதற்கு மேல், சிறிய எழுத்தில், அழகாக, இன்னொரு வரி: 'ஓவிய வகுப்பிற்கு வேண்டிய பொருட்கள் அனைத்தும் ஆண்டுதோறும் உபயம்.'

ஆண்டுதோறும்!

கோயிலில் பங்குனிப் பூஜைக்கும் அன்னதானத்துக்கும் எழுதுகிற வார்த்தை. அங்கே சுவரில் ஏறிவிட்டால் அப்பா போனால் மகன் செய்ய வேண்டும், மகன் போனால் பேரன். நிறுத்திய குடும்பம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. தேரோட்டத்தில் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது?

"அவரு பாத்துட்டா?" என்றேன்.

"இருபது வருசமா எழுதுதேன் அண்ணாச்சி. எல்லாரும் தன் பேர மட்டுந்தான் பாப்பாவ. நீங்க அஞ்சாம் தேதி வரைக்கும் வாயத் திறக்காம இருந்தாப் போதும். முடியுமா?"

செப்டம்பர் 4, புதன்

இன்றோடு மூன்று நாளாக யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டீக்கடையில் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். ஒருவர் வீட்டுக்கே ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்.

மத்தியானம் தளவாயின் கணக்குப்பிள்ளை டேப்போடு சுவரைப் பார்க்க வந்தார். கல்யாண மண்டபத்துக்காரர் கொடுத்த தண்ணீர்த் தொட்டியில் உள்ள பெயரைவிட எழுத்து ஒரு விரற்கடையாவது பெரிதாக இருக்க வேண்டுமாம். அளந்தார். 'தளவாய்' நான்கு எழுத்தையும் தனித்தனியாக அளந்தார். இனிஷியல் 'ஆ'வுக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மேல் வரியில் டேப்பின் நுனி பட்டது. "சின்ன எழுத்தால்லா இருக்கு, அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 5, வியாழன்

நடந்தது. எழுதுவதற்கே சந்தோஷமாக இருக்கிறது.

கல்வி அதிகாரி வந்திருந்தார். தளவாய் பட்டு வேட்டியில். ஓவிய அறைச் சுவரில் தொங்கிய துணியை விலக்கினார்கள். தளவாய் தன் பெயரைப் பார்த்துக் கண் கலங்கினார், அதில் நடிப்பில்லை. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தார். 'ஆண்டுதோறும்' வந்ததும் நின்றார். திரும்பி, "ஒவ்வொரு வருடமுமா? இந்த மாவட்டத்தில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை" என்று தளவாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிள்ளைகள் தட்டினார்கள். பிறகு பெற்றோர்கள் தட்டினார்கள். தளவாயின் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் சுவரில் மேலும் கீழும் போய் வந்தது.

ஹெச்.எம். கெட்டிக்காரி. மைக்கைப் பிடித்து, டிராயிங் பீரியட் இனி யாருக்கும் போகாது, சைக்கிளுக்கு வேறு இடம் பார்க்கிறேன் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். பேச்சித்தாய் டீச்சர் கடைசி வரிசையில் இருந்தார். தலை குனியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

தளவாய் கடைக்குக் கூப்பிட்டார். பாதாம் பால் இல்லை.

"என்ன வே, ஆண்டுதோறும்னு போட்டிருக்கு?"

எனக்குத் தெரியாது அண்ணாச்சி, வேண்டுமானால் அழித்துவிடச் சொல்லவா என்றேன். என் பிழைப்பில் இவ்வளவு அப்பாவியாக முகத்தை வைத்ததில்லை. காலையிலிருந்து மூன்று பேர் போன் செய்து வாழ்த்தினார்களாம். சம்பந்தி வீட்டிலிருந்தும் பேசினார்களாம்.

"பேரு மேல கை வைக்கப்படாது வே. அது ஆகாது. சரி, வருசம் ஒருக்கத்தான? தாள் என்ன, கலர் என்ன, பட்டியல எழுதிக் குடுக்கச் சொல்லும். ஆனா நல்ல தாளா இருக்கணும். என் பேரு இருக்கு."

செப்டம்பர் 8, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மிச்சம் ஆறு. நான்கு எனக்கு.

சாப்பிட்டுக்கொண்டே உலகம்மையிடம் என் சித்தாந்தத்தை விளக்கினேன். யோசித்துப் பார், எல்லாம் எங்கே தொடங்கியது? என் வாயில். நான் அன்று மைக்கில் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்காவிட்டால், என் மானத்தைக் காப்பாற்ற டீச்சர் ஸ்கூட்டியை விற்றிருப்பாரா? சாமான் வந்திருக்குமா? தளவாய் மாட்டியிருப்பாரா? தப்பாகவே சந்தேகப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுபது பிள்ளைகளின் கையில் இன்று பிரஷ் இருப்பதற்கு மூலகாரணம் என்று ஒருவன் உண்டென்றால் அவன் யார்?

உலகம்மை ஐந்தாவது கொழுக்கட்டையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். இதைச் சங்க ஆண்டு மலரில் கட்டுரையாக எழுதலாம் என்றிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிடுவேன். என் பெயரைத் தவிர.

செப்டம்பர் 9, திங்கள்

பார்சல் ஆபீஸ் மாடக்கண்ணுவுக்குப் பாலிசி புதுப்பிக்க வேண்டியிருந்தது. போன இடத்தில் கட்டுரையின் முதல் பாதியைச் சொல்லிப் பார்த்தேன். நான் மேடையேறியது, பொய் சொன்னது, ஆறே நாளில் டீச்சர் மதுரையிலிருந்து மூன்று பெட்டி வரவழைத்தது. அவர் டெலிவரி நோட்டைப் பின்னுக்குப் புரட்டி என் பக்கம் திருப்பினார். மதுரையிலிருந்து மூன்று பெட்டி, டிராயிங் சாமான், பெற்றுக்கொண்டவர் சு. பேச்சித்தாய், பச்சை மையில் கையெழுத்து. தேதி ஜூலை 26, நான் மேடையேறுவதற்கு இருபது நாள் முன்னால்.